காட்டாற்றங்கரையில் கூடாரம் அடிக்குமுன்

நம் சங்கக் குடும்பங்களில் அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏப்ரல் கடைசியில் தில்லி வெயில் ஏறத் தொடங்கியதும் ஆறு மாதத் தங்கலுக்குக் கிளம்பிவிடுகிறோம். முதல் தடவை நயாகரா, இரண்டாம் தடவை நியூயார்க், இடையிடையே பிட்ஸ்பர்க் பெருமாள். மூன்றாம் தடவை போகிறவர்களுக்கு இப்போது புதிதாக ஓர் அழைப்பு காத்திருக்கிறது. "அப்பா, இந்த வாரக் கடைசியில் காட்டுக்குப் போறோம். ஆத்தங்கரையில கூடாரம். நீங்களும் அம்மாவும் வாங்க" என்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பிலேயே கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு பேர் இதுபற்றி என்னிடம் விசாரித்தார்கள். கரடி வருமா, பாம்பு உண்டா, காலைக்கடனுக்கு என்ன செய்வது, முட்டிவலிக்காரர் தரையில் படுக்க முடியுமா என்றெல்லாம் கேட்டார்கள். ஆற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆறுதானே, அழகாக ஓடிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள் போலும். பணியில் இருந்த முப்பத்தோரு ஆண்டுகளும் நான் ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்தவன். வெள்ளக் காலத்தில் மணிக்கொரு தடவை டார்ச் விளக்கை அடித்து அளவுகோலைப் படித்த பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆகவே, மற்றவர்கள் கரடியைப் பற்றி எழுதட்டும். நான் ஆற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். தேசியப் பூங்காக்கள் உள்துறையின் கீழ் வருகின்றன. அங்கே வாயிற்கதவு, நுழைவுச்சீட்டு, எண் போட்ட தங்குமிடம் எல்லாம் உண்டு. தேசிய வனங்களோ வேளாண் துறையின் கீழ் இருக்கின்றன. காட்டுக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1905-ல் வனப்பணித் துறையை அமைத்து அதற்குத் தலைமை தாங்கிய கிஃபோர்டு பின்ஷோ என்பவர், மரத்தையும் அளவறிந்து வெட்டி, மீண்டும் வளர்த்து எடுக்கவேண்டிய ஒரு பயிராகவே பார்த்தார். அதனால் தேசிய வனத்தில் மரம் வெட்டுவார்கள், மாடு மேய்ப்பார்கள், பருவத்தில் வேட்டையும் ஆடுவார்கள். (நவம்பர் மாதம் போகிறவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. வேட்டைக்காரர் கண்ணுக்கு நாம் மான் இல்லை என்று தெரியவேண்டும் அல்லவா!) மொத்தம் 154 தேசிய வனங்கள். புல்வெளிகளையும் சேர்த்துச் சுமார் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்கு.

இவ்வளவு பெரிய பரப்பின் பெரும்பகுதியில், தடை என்று பலகை இல்லாத இடத்தில், யாரும் போய்க் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பதே வரம்பு. இதைத்தான் 'பிரிமிடிவ் கேம்பிங்' என்கிறார்கள். ஆதிமனிதனைப்போல் இலையை உடுத்திக்கொண்டு திரிய வேண்டும் என்று பொருளல்ல. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, மின்சாரம் இல்லை, 'உங்கள் இடம் 14-ஆம் எண்' என்று காட்டுகிற ஆளும் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கடைசி 'இல்லை' மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. எங்கே படுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

வாஷிடா மலைக்காடு

எனக்கு ஓரளவு பழக்கமான காடு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஆர்க்கன்சா மாநிலத்து பென்டன்வில் ஊரில் இப்போது நம் இளைஞர்கள் ஏராளமாக வேலைபார்க்கிறார்கள். என் மாப்பிள்ளையும் அங்கேதான். அங்கிருந்து தெற்கே காரில் சில மணி நேரம் போனால் வாஷிடா தேசிய வனம். 1907-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த காடு. அந்நாட்டின் தென்பகுதியில் இதுவே மிகப் பழைய தேசிய வனம். ஆர்க்கன்சாவிலும் ஓக்லஹோமாவிலுமாகச் சுமார் 18 லட்சம் ஏக்கர் பரந்திருக்கிறது. பைனும் ஓக்கும் கலந்த காடு. மலைத்தொடர்கள் கிழக்கு மேற்காக, மடித்துவைத்த புடவைக் கொசுவம்போல் வரிசையாகக் கிடக்கின்றன. மடிப்புக்கு மடிப்பு நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதில் ஓர் ஆறு. லிட்டில் மிசௌரி, காசடாட், கேடோ எல்லாம் இப்படிப்பட்டவை.

கோடையில் போய்ப் பார்த்தால் இவற்றை ஆறு என்று சொல்லவே மனம் வராது. கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியிலிருக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும் தெளிவு, கரையில் சரளைத் திட்டு. குழந்தைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மலைச்சரிவு செங்குத்தானது. மேலே மண் மெல்லியது, கல்தான் அதிகம். பெய்கிற மழையைக் குடித்து வைத்துக்கொள்ள மண்ணுக்கு வயிறு கிடையாது. சரிவுகளிலெல்லாம் விழுந்த தண்ணீர் ஒரே நேரத்தில் குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கும். நம் சமவெளி ஆறுகளில் மேலே வெள்ளம் என்று தந்தி வந்தால் கீழே தயாராக ஒரு நாள், இரண்டு நாள் கிடைக்கும். இந்த ஆறுகளில் கிடைப்பது மணிக்கணக்கு. சில சமயம் அதுவும் இல்லை.

2010 ஜூன் 11-ஆம் தேதி அதிகாலை லிட்டில் மிசௌரி ஆற்றில் நடந்ததை அங்கே இன்னும் பேசுகிறார்கள். ஆல்பர்ட் பைக் என்ற முகாம் இடத்தில் குடும்பங்கள் கூடாரங்களிலும் வண்டிவீடுகளிலும் உறங்கிக்கொண்டிருந்தன. நள்ளிரவுக்குப் பின் மலைமேல் கொட்டிய மழையில், நான்கடிக்கும் குறைவாக இருந்த நீர்மட்டம் சில மணி நேரத்தில் 23 அடியைத் தாண்டியது. வேகமாக ஏறிய கட்டத்தில் மணிக்கு எட்டடி. வானிலைத் துறையின் எச்சரிக்கை பின்னிரவில் வெளியாகத்தான் செய்தது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் கைபேசிக்கு டவர் கிடையாது. இருட்டு, மழை இரைச்சல், உறக்கம். இருபது பேர் இறந்தார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளும் அவர்களில் உண்டு.

கவனியுங்கள், அது ஆளில்லாத காட்டு மூலை அல்ல. எண் போட்ட இடங்களும் மின்வசதியும் கொண்டு, பல்லாண்டு காலம் மக்கள் வந்துபோன முகாம். ஒருவர் வரைந்து, அளந்து, எண் கொடுத்த இடமே ஆற்றின் வெள்ளப் படுகைக்குள் இருந்திருக்கிறது. அதற்குப் பின் அங்கே இரவுத் தங்கலை நிறுத்திவிட்டார்கள். எண்ணே இல்லாத இடத்தில் கூடாரம் அடிக்கப்போகும் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அண்மை உதாரணமும் உண்டு. 2025 ஜூலை 4-ஆம் தேதி விடியுமுன் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. அந்த வெள்ளங்களில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். கரையோரக் கோடை முகாமில் தங்கியிருந்த சிறுமிகளும் அதில் அடக்கம். அது தேசிய வனம் அல்ல. ஆனால் ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தூரம் வேறு, உயரம் வேறு

அமெரிக்காவில் முகாம் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரு விதி இருக்கும்: நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கவும். பெரியவர் நடையில் எழுபது எண்பது எட்டு. நம் பிள்ளைகள் இந்த விதியைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். 'இருநூறு அடி தள்ளித்தான் போட்டிருக்கோம், பயமில்லை' என்கிறார்கள். சிக்கல் இங்கேதான்.

அந்த இருநூறு அடி நம்மைக் காப்பாற்றுவதற்காக வந்த விதி அல்ல. ஆற்றைக் காப்பாற்றுவதற்காக வந்தது. நம் சோப்பு, கழிவு, சமையல் மிச்சம் தண்ணீரில் கலக்கக்கூடாது. கரையின் புல்லும் மண்ணும் மிதிபட்டுச் சரியக்கூடாது. இரவில் தண்ணீர் குடிக்க வரும் மான் நம்மைக் கண்டு மிரண்டு திரும்பக்கூடாது. இதற்கெல்லாம் இருநூறு அடி போதும். ஆனால் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் தட்டையான புல்தரை முந்நூறு அடிக்கு நீண்டிருந்தால், இருநூறு அடி தள்ளிப் போனாலும் நீங்கள் ஆற்றின் படுக்கையிலேயேதான் படுத்திருக்கிறீர்கள். வெள்ளம் பக்கவாட்டில் அளந்து பார்த்து நிற்காது, மேலே ஏறும். ஆகையால் இரண்டு அளவுகள் வேண்டும். தள்ளிப்போகிற தூரம் ஆற்றின் நன்மைக்கு. ஏறிப்போகிற உயரம் நம் உயிருக்கு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது.

எவ்வளவு உயரம் என்று கேட்டால் எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஆனால் ஆறு தானே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும். படிக்கத் தெரிய வேண்டும்.

மேலே பாருங்கள், முதலில் தரையை அல்ல. கரையோர மரங்களின் கவட்டில் காய்ந்த புல், சருகு, கயிற்றுத் துண்டு, நெகிழிப் பை சிக்கியிருக்கிறதா? அதைக் கொண்டுபோய் வைத்தது காற்றல்ல, வெள்ளம். அந்தக் குப்பையின் உயரம்தான் அண்மை வெள்ளத்தின் குறைந்தபட்ச உயரம். அடுத்து இளமரங்கள். எல்லாம் ஒரே திசையில், ஆறு போகும் திசையில் சாய்ந்து வளர்ந்திருந்தால் அவை வெள்ளத்தில் படுத்து எழுந்தவை. மரத்தடியில் புது மணலோ வண்டலோ குவிந்திருப்பதும், மேல்பக்கத்துப் பட்டை உரிந்திருப்பதும் அதே கதையைத்தான் சொல்கின்றன. கற்களையும் பாருங்கள். பாசிப்பூச்சு படர்ந்து கறுத்த கல் நெடுநாளாக ஒரே இடத்தில் இருக்கிறது. கழுவிவைத்ததுபோல் பளிச்சென்றிருக்கும் கல் உருண்டு வந்தது, மறுபடியும் உருளும்.

மர வகையும் சாட்சி சொல்லும். காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாணல் நிற்கும் இடம் ஆற்றினுடையது, நீர்மருது நிற்கும் இடம் ஆறு அடிக்கடி வந்துபோகும் இடம் என்று பெரியவர்கள் கண்ணாலேயே சொல்வார்கள். வாஷிடாவில் நாணலின் இடத்தில் வில்லோ புதர். நீர்மருதின் இடத்தில், அதைப்போலவே பட்டை உரிந்து வெளுத்து நிற்கும் சைகமோர் மரம். பைனும் ஓக்கும் நெருங்கி நிற்கத் தொடங்கும் திட்டுக்கு ஏறிவிட்டால் ஓரளவு நம்பலாம்.

2023 மே மாதம் நாங்கள் போனபோது மாப்பிள்ளை காரை நிறுத்திய இடம் கண்ணுக்கு அழகான இடம். ஆற்றோரம் சரளைத் திட்டு, அதை ஒட்டிப் புல்தரை, யாரோ முன்பு தங்கி அடுப்புக்காகக் கல் வட்டம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "மாமா, இங்கயே போட்டுடலாம். ஏற்கெனவே ஆளுங்க தங்கின இடம்தான்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் பேரனைக் கூப்பிட்டு, அந்த வெள்ளை மரத்தில் என்ன தொங்குகிறது பார் என்றேன். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாத்தா, மரத்துல குப்பை மாட்டியிருக்கு! அப்பா கை தூக்கினாக்கூட எட்டாது" என்றான். மாப்பிள்ளை கை தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. பிறகு அவரே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இருந்த மேட்டுக்கு ஏறினார். ஆற்றிலிருந்து ஆளுயரம் மூன்றுக்கு மேலிருக்கும். அன்று இரவும் மறுநாளும் ஒரு துளி மழை இல்லை. திரும்பி வரும்போது "மாமா, தண்ணி தூக்கியே தோள் போச்சு" என்று கேலி செய்தார். செய்யட்டும். மரத்திலிருந்த குப்பை வெள்ளம் வந்த உயரத்தைச் சொல்லுமே தவிர, அடுத்து வரும் நாளைச் சொல்லாது.

மேட்டைத் தேர்ந்தெடுத்த பின்னும் இரண்டு விஷயம் பாருங்கள். தலைக்கு மேல் பட்ட மரமோ முறிந்து தொங்கும் கிளையோ இருக்கக்கூடாது. காட்டில் காற்று அடிக்கும்போது விழுவது அதுதான். கூடாரத்துக்குப் பின்னால், இருட்டில் செருப்பில்லாமல்கூட ஏறிப்போக ஒரு சரிவு இருக்கவேண்டும். முன்னால் ஆறு, பின்னால் செங்குத்துப் பாறை என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஏறுங்கள், ஓட்டாதீர்கள்

கிளம்புமுன் வானிலை பார்க்கிறோம். நாம் தங்கப்போகும் இடத்துக்கு மட்டும் பார்க்கிறோம். பார்க்கவேண்டியது ஆற்றின் தலைப்பகுதிக்கு. நம் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே இருபது மைல் மேலே பெய்த மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஆயிரக்கணக்கான ஆறுகளின் நீர்மட்டத்தை உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது. நான் டார்ச் அடித்துப் படித்ததை அங்கே ஒரு கருவி படித்து அனுப்பிவிடுகிறது! வீட்டிலிருந்து புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். காட்டுக்குள் போனபின் கைபேசியை நம்பவேண்டாம். பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. அதுவும் ஆழமான பள்ளத்தாக்கில் எட்டாமல் போகலாம். நாம் போகிற மே, ஜூன் மாதங்கள்தான் அந்தப் பக்கத்தில் இரவு இடிமழைக்குப் பேர்போன காலம். மழை உறுதி என்று தெரிந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆறும் முன்கூட்டிச் சிலவற்றைக் காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சலசலப்பு தடித்து உறுமலாக மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமான்களை எடுத்துவைக்க நிற்காமல் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறவேண்டும். காரை எடுத்துக்கொண்டு தப்பிக்க நினைப்பதுதான் பெரிய ஆபத்து. இந்தக் காட்டுச் சாலைகள் பல இடங்களில் பாலமில்லாமல் தரைமட்டமாகவே ஓடையைக் கடக்கின்றன. வேகமாக ஓடும் அரையடித் தண்ணீர் ஒருவரைக் காலிடறித் தள்ளிவிடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்கள் மிதந்துவிடும். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான்; இருட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது நினைவுக்கு வராது.

1976 ஜூலை 31 இரவு கொலராடோவின் பிக் தாம்சன் மலையிடுக்கில் 144 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். காரில் இடுக்கு வழியே தப்பிக்கப் பார்த்தவர்கள் அதில் பலர். பக்கத்துச் சரிவில் சில பத்தடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். அதன்பின் அம்மாநிலத்து மலைச் சாலைகளில் 'வெள்ளம் வந்தால் மேலே ஏறிவிடுங்கள்' என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

மற்றவை

ஆற்றுக்கு நாம் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு என்றாலே நமக்கு இறங்கிக் குளித்து, துணி அலசி, பாத்திரம் தேய்த்துக் கரையேறும் இடம். அங்கே அது கூடாது. தண்ணீரில் இறங்கி விளையாடலாம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் ஆற்றில் படக்கூடாது. 'இயற்கைச் சோப்பு' என்று விற்பதும் மண்ணில் விழுந்தால்தான் மட்கும். பாத்திரத்தை இருநூறு அடி தள்ளிக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பரவலாக இறைத்துவிட வேண்டும். காலைக்கடனுக்கும் அதே தூரம். கைக்கொத்தால் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடவேண்டும். பயன்படுத்திய காகிதத்தைப் பையில் கட்டி எடுத்துவந்துவிடுவது நல்லது. நம் தலைமுறைக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளுக்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆற்று நீர் பன்னீர்போல் இருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது. ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுயிரி இருக்கலாம். வாரக்கணக்கில் வயிற்றைக் கலக்கிவிடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 6,500 அடிக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிடம்.

கரடி உண்டு. வாஷிடாவில் கருங்கரடி ஏறக்குறைய அழிந்துபோய், 1958-லிருந்து பத்தாண்டுகள் மினசோட்டாவிலிருந்தும் கனடாவின் மானிடோபாவிலிருந்தும் பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு நம்மேல் பகை ஒன்றுமில்லை; சாப்பாட்டு வாசனைதான் இழுக்கும். நம் சமையலின் வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். புளியோதரையோ தேங்காய் எண்ணெயோ பற்பசையோ எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. காருக்குள் பூட்டிவையுங்கள், கார் தொலைவில் இருந்தால் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், அடிமரத்தை விட்டு விலகித் தொங்கவிடுங்கள். கரடியைவிட எனக்கு உண்ணிதான் கவலை. மாலையில் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தேடிப்பாருங்கள்.

நெருப்புக்கு, தரையில் விழுந்து காய்ந்த சுள்ளிதான். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சி அதோடு காட்டுக்குப் போய்விடும். கிளம்புமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னும் ஒரு வாளி.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்து நம் ஊரில் அப்படியே செய்யலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி ஒதுக்குக் காட்டிலும், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலும் நினைத்தபடி நுழைந்து தங்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். தில்லிக்காரர்களுக்குப் பழக்கமான ரிஷிகேஷ் மணல்திட்டு முகாம்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை கங்கைக் கரையில் பெருகிய முகாம்களால் கழிவும் குப்பையும் ஆற்றில் சேர்ந்தபோது, 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவற்றுக்குத் தடை விதித்தது. இன்னொன்று அதைவிட முக்கியம். நம் மலை ஆறுகள் பலவற்றில் மேலே அணையோ மின்நிலையமோ இருக்கிறது. மழையே இல்லாத நல்ல வெயிலிலும் மதகு திறந்தால் ஆறு ஏறும். 2014 ஜூன் 8 மாலை ஹிமாசலில் மண்டி அருகே பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த 24 மாணவர்களும் உடன் வந்த வழிகாட்டி ஒருவரும், மேலே லார்ஜியில் திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துச்செல்லப்பட்டார்கள். மேகத்தைப் பார்த்து மட்டும் ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. குலு, மணாலி போகும் நம் குடும்பங்கள் மேலே அணை இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டுக் கரையில் இறங்குங்கள்.

அமெரிக்காவில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வசதி அதிகம். ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் பல வட்ட ரேஞ்சர் அலுவலகங்கள் உண்டு. வேலைநாளில் போன் செய்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பிள்ளைகளை வியாழக்கிழமையே கேட்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சனி ஞாயிறில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா, எந்தச் சாலை ஓடையைத் தரைமட்டமாகக் கடக்கிறது, கடைசியாக வந்த பெருவெள்ளம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது.